எதற்காகப் பிரயாணம்?



புகாரி ஷரீஃபின் முதல் ஹதீஸ் நிய்யத்தைப் பற்றியது என்பதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். அந்த ஹதீஸ் உதாரணமாக எடுத்துக்கொள்வது ஒரு பிரயாணத்தைத்தான். ஹிஜ்ரத் புறப்பட்டவன் எதை நாடிப் புறப்பட்டான் என்பதே அங்கே கேள்வி. விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குடிநுழைவு அதிகாரி நம் உள்ளத்தை அறியமாட்டார். விசாவில் எழுதியிருப்பது, நம் வாய் சொல்வது, பெட்டியில் இருப்பது ஆகிய மூன்றைத்தான் அவர் பார்க்கிறார். மூன்றும் ஒன்றையே சொன்னால் விசாரணை இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒன்றுக்கொன்று முரணானால், எவ்வளவு நல்ல மனிதராயிருந்தாலும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, அங்கிருந்து ஈப்போ வந்து சேர்ந்த நம் முன்னோர்களுக்கு ஆரம்பத்தில் இத்தனை கேள்விகள் இருக்கவில்லை. 1953 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் அந்த வாசலைக் குறுக்கியது. பின்னர் 1959-ல் இயற்றப்பட்டு 1963-ல் விரிவாக்கப்பட்ட சட்டமே, பல திருத்தங்களோடு, இன்றும் நம்மை ஆள்கிறது. 1968-ம் வருஷத்து வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கப் பெர்மிட் வேண்டுமென்றது. ரப்பர் தோட்டங்களில் ஆயுள் முழுதும் பால்மரம் வெட்டியவர்கள் பலர், காகிதம் இல்லாத ஒரே காரணத்தால் ஊர் திரும்பினார்கள். தோட்டத்தை நம்பிக் கடை வைத்திருந்த நம்மவர்களுக்கும் அது பெரிய அடியே. ஒரு காகிதத்தின் கனம் என்னவென்பதைப் பேராக் வியாபாரிகளுக்கு வேறொருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

இனி இந்தியாவுக்குப் போகும் நம்மவர் விஷயம். மலேசியப் பாஸ்போர்ட் உடையவர் இணையத்தின் மூலமே இந்திய விசா பெறலாம். இந்திய அரசாங்கத்தின் தளத்தைப் போலவே வேஷம் போட்டுக் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் உண்டு, ஜாக்கிரதை தேவை. சுற்றுலா விசா என்பது ஊர் பார்க்கவும் உற்றார் உறவினரைப் பார்க்கவும் உரியது. கடைக்குச் சரக்குக் கொள்முதல் செய்யப் போகிறவர் வியாபார விசா கேட்க வேண்டும். அதற்குத் தம் கடையின் முகவரிச் சீட்டும், அங்கே சரக்குத் தரும் வியாபாரியின் விவரமும் வேண்டும். சற்று அலைச்சல்தான். ஆனால் “நாகூர் ஜியாரத்துக்கு வந்தேன்” என்று சொன்னவர் பையில் விலைப்பட்டியல்களும் துணி மாதிரிகளும் இருந்தால் அதிகாரி என்ன நினைப்பார்? வியாபார விசாவில் போனவர் நாகூர் போய் வருவதையோ, உறவினர் வீட்டில் சாப்பிடுவதையோ யாரும் குறை சொல்வதில்லை.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனித் தொல்லை. நம் பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் ஒரே தொடராக இருக்கிறது. விசாப் படிவமோ குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று பிரித்துக் கேட்கிறது. வீட்டில் முஹம்மது, மலாய் எழுத்தில் முகமட், ஊரிலிருந்து வந்த அழைப்புக் கடிதத்தில் வேறொரு எழுத்து! பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தே எழுத்து. ‘பின்’ என்பதையும் விடாமல் அப்படியே எழுதுக. 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து இந்தியா செல்லும் வெளிநாட்டவர் வருகைப் படிவத்தையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் அதைச் செய்யலாம். ரொக்கமாக 5,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நோட்டுக்களைக் கொண்டுபோகிறவர் சுங்கத்தில் அதை அறிவித்துவிட வேண்டும்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். “எத்தனை நாள்?” என்று கேட்டால் நாளைச் சொல்லுங்கள், பாட்டனார் கப்பலேறிய கதை அங்கே வேண்டாம். கேள்வி விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று சொல்வதில் அவமானமில்லை. தலையை ஆட்டிவிட்டுப் பிறகு மாற்றிச் சொல்வதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

நமக்கு மிகுந்த கவலை தருவது வேறு. ஊரிலிருந்து மருமகனையோ தம்பி மகனையோ கடை ஒத்தாசைக்கு அழைக்கிறோம். 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வந்து போகலாமென்று மலேசியா அனுமதித்தது. அது பார்க்க வருவதற்கான அனுமதி; கல்லாவில் உட்காருவதற்கானது அன்று. பத்தாம் வகுப்புத் தேறாத அந்தப் பிள்ளையின் பாஸ்போர்ட் குடிபெயர்வுச் சோதனைக்கு உட்பட்டதாயிருக்கக்கூடும். அவ்வாறாயின் மலேசியாவுக்கு வேலைக்கு வர இந்திய அரசின் தனி அனுமதி வேண்டும். அதனால் திருச்சியிலேயே அவனைக் கேட்பார்கள்: யார் வீட்டுக்குப் போகிறாய், என்ன வேலை, திரும்பும் டிக்கெட் எங்கே? “மாமா வீட்டுக் கல்யாணம்” என்று நாம் சொல்லிக்கொடுத்ததை அவன் ஒப்பிக்கிறான். இங்கே கோலாலம்பூரில் மறுபடியும் அதே கேள்விகள். செலவுக்குப் பணம் இல்லையென்றாலோ, வந்த காரணம் பொருந்தவில்லையென்றாலோ, வந்த விமானக் கம்பெனியிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பொய்யைச் சொன்னவன் அவன், சொல்லிக்கொடுத்தவர் யார்?

தப்பித்து உள்ளே வந்துவிட்டாலும் ஆபத்து தீரவில்லை. முறையான அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கு, ஆளொன்றுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே சமயத்தில் ஐவருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறையும் பிரம்படியும் உண்டு. வேலை அனுமதியை முதலாளியே, ஆள் புறப்படுமுன், இங்கே விண்ணப்பித்துப் பெற வேண்டும். நாளாகும், பணமாகும், சில சமயம் கிடைக்காமலும் போகும். கிடைக்காவிட்டால் பிள்ளையை அழைக்காதிருப்பதே அவன் தாய்க்கு நாம் செய்யும் உபகாரம்.

உண்மையாகவே பார்க்க வரும் உறவினருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுங்கள். உங்கள் பெயர், உறவு முறை, வீட்டு முகவரி, டெலிபோன் எண், அவர் தங்கும் நாட்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். மலேசிய வருகைப் படிவத்தை வந்து சேருமுன் மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பச் சொல்லுங்கள். விமானம் இறங்கும் நேரத்தில் உங்கள் டெலிபோன் கையிலேயே இருக்கட்டும். அதிகாரி அழைத்தால் எடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.