ராஜினாமா கடிதத்தோடு போகிற பணம்

“நம்ம நாட்டுல வேலை போனா அரசாங்கம் ஒரு பைசா தராது.” டீக்கடையிலும் இதைக் கேட்கலாம், கணினிக் கம்பெனி கேன்டீனிலும் கேட்கலாம். பாதி நிஜம்தான். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருப்பது போல எல்லாருக்குமான வேலையிழப்புக் காப்பீடு இங்கே இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்பது தவறு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் ஒழுங்காகப் போனவருக்கு இரண்டு திட்டங்கள் உண்டு. சம்பளத்தில் பிடிக்கிற 0.75 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருப்பதால், கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது, 2005 ஏப்ரலில் வந்த ராஜீவ் காந்தி திட்டம். ஆலை மூடப்பட்டோ, ஆட்குறைப்பிலோ, 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனத்தாலோ வேலை போனவருக்கானது. முதல் 12 மாதம் சராசரிச் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. கூடவே குடும்பத்துக்கு மருத்துவமும் தொடரும். இரண்டாவது, 2018 ஜூலையில் தொடங்கிய அடல் திட்டம். தொடக்கத்தில் கால் பங்காக இருந்ததை 2020-இல், கொரோனா சமயத்தில், பாதியாக உயர்த்தினார்கள். ஆயுளில் ஒருமுறை, அதிகபட்சம் 90 நாளுக்குக் கிடைக்கும். தற்காலிகத் திட்டமாக ஆரம்பித்து நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள்; அதனால் விண்ணப்பிக்கும் முன் கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எவ்வளவு வரும்? மாதம் 18,000 வாங்கியவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடச் சம்பளம் 4,32,000. அதை 730 நாளால் வகுத்தால் நாளுக்கு 591 ரூபாய் சொச்சம். அதில் பாதி, 90 நாளுக்கு: ஏறத்தாழ 26,600 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஓரகடத்திலோ ஓசூரிலோ வாடகை வீட்டில் இருக்கிற குடும்பத்துக்கு மூன்று மாதம் மூச்சு விட உதவும்.

“கௌரவமா ரிசைன் பண்ணிட்டா நல்ல பேரோட போயிடலாம்” என்பது அடுத்த நம்பிக்கை. இவற்றில் அதிகப் பணத்தைத் தின்பது இதுதான் என்பேன். ஆளைக் குறைக்க முடிவெடுத்த கம்பெனி, எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டும். ‘சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகுகிறேன்’ என்று ஏற்கெனவே டைப் அடித்திருக்கும். கையெழுத்துப் போட்டால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும், ஒரு மாதச் சம்பளமும் சேர்த்துத் தருகிறோம் என்பார்கள். அந்த ஒரு கையெழுத்தில் மூன்று கதவுகள் சாத்திக்கொள்கின்றன. தானாக வேலையை விட்டவருக்கு இ.எஸ்.ஐ. உதவி கிடையாது. ஆட்குறைப்பு இழப்பீடு, அதாவது முழுசாக வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், அதுவும் போயிற்று. எட்டு வருடம் உழைத்த தொழிலாளிக்கு அது 120 நாள் சம்பளம்! மூன்றாவது வருமான வரி. ஐந்து வருடம் முடியாமல் 50,000 ரூபாய்க்கு மேல் பி.எஃப். எடுத்தால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள், பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். தன் கையில் இல்லாத காரணத்தால் வேலை போனவருக்கு இதில் விலக்கு உண்டு. ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக் கொடுத்தவர் அந்த விலக்கை எப்படிக் கேட்பார்?

இன்னொரு சின்ன விஷயம், யார் கண்ணிலும் படாதது. கம்பெனி மாதாமாதம் இ.எஸ்.ஐ. தளத்தில் ஏற்றுகிற கணக்கில், வேலை நாள் பூஜ்ஜியமாக இருக்கிறவருக்கு எதிரே ஒரு காரண எண் போட வேண்டும். 2 என்றால் வேலையை விட்டுவிட்டார், 10 என்றால் ஆட்குறைப்பு. கணக்குப் பிரிவு ஆள் பழக்க தோஷத்தில் 2 என்று தட்டிவிட்டுப் போய்விடுவார். கடைசி மாதக் கணக்கு ஏறுவதற்கு முன்பே இதைக் கேட்டுச் சரிபார்க்கலாம். ராஜினாமா எழுதித்தான் ஆகவேண்டும் என்று நெருக்கினால், ‘நிர்வாகம் கேட்டுக்கொண்டதன் பேரில்’ என்ற மூன்று சொல்லையாவது உள்ளே சேர்த்து, நகல் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

‘கம்பெனி கையெழுத்து இல்லாமல் க்ளைம் போட முடியாது’ என்பது பழைய கதை. 2020 மாற்றத்துக்குப் பிறகு அடல் திட்ட மனுவைத் தொழிலாளியே நேராகக் கொடுக்கலாம். வேலை போன 30 நாளில் உரிமை வந்துவிடும். முன்பு 90 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. குறைந்தது இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பதும், கடைசி அரையாண்டில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகளில் முக்கியமானவை.

உதவி வாங்கும்போது வேறு வேலை கிடைத்துவிட்டால் அபராதம், ஜெயில் என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை கிடைப்பது குற்றமில்லை. அந்தத் தேதியோடு உதவி நின்றுவிடும், அவ்வளவுதான். மறைத்துத் தொடர்ந்து வாங்கினால்தான் வம்பு. வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும், பொய் உறுதிமொழிக்கு வழக்கும் வரலாம். புதுக் கம்பெனி சந்தா கட்ட ஆரம்பித்ததும் அதே காப்பீட்டு எண்ணில் அது தெரிந்துவிடும் என்பதால் மறைப்பதும் சுலபமில்லை.

தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகம் தருகிற உதவித்தொகை வேறு சங்கதி. அது வேலை போனவருக்கு அல்ல, பதிந்து ஐந்து வருடமாகியும் வேலை கிடைக்காதவருக்கு. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று வருடம். அதை வாங்கினால் பதிவு மூப்பு போய்விடும் என்பது வீண் பயம்.

கடைசியாக பி.எஃப். இது அரசு தரும் உதவியே இல்லை, நம் சேமிப்பு. வேலை போனதும் 75 சதவீதத்தை எடுக்கலாம், மீதியை 12 மாதம் கழித்து எடுக்கலாம் என்று 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. ‘ஏஜென்டுக்குக் கொடுத்தால்தான் சீக்கிரம் வரும்’ என்கிறார்கள். இழுத்தடிப்பதில் பெரும்பங்கு நம் பெயருக்குத்தான்! பி.எஃப். பதிவில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுசாக. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத ஊருக்கு இது தீராத தலைவலி. இதை ஏஜென்டும் மந்திரம் போட்டு மாற்ற முடியாது. 2017 அக்டோபருக்குப் பிறகு ஆதாரோடு வழங்கப்பட்ட யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) என்றால் உறுப்பினரே பெயரைத் திருத்திக்கொள்ளலாம். கம்பெனி வெளியேறிய தேதியைப் போடாமல் இழுத்தால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து அதையும் நாமே பதியலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் வராவிட்டால்? பி.எஃப். திட்டத்தின் 72(7) பத்தியைச் சுட்டிப் புகார் எழுதுங்கள். குறையில்லாத மனுவை 20 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்றும், தகுந்த காரணமின்றித் தாமதமானால் ஆண்டுக்கு 12 சதவீத அபராத வட்டியை ஆணையரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. ‘குறையில்லாத’ என்ற இடத்தில்தான் சூட்சுமம். நிராகரிக்கப்பட்ட மனுவுக்கு இந்த 20 நாள் கணக்கு ஓடாது. திருத்திப் போட்ட நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும்.