நெருஞ்சியும் ஆடுகளின் வெயில் நோயும்

தரையோடு படர்ந்து மஞ்சள் நிறப் பூக்களைப் பூக்கும் நெருஞ்சியை அறியாதார் இலர். இந்தியாவின் வறண்ட பகுதிகளில், வழியோரங்களிலும் தரிசுகளிலும் இது தானாகவே முளைக்கின்றது. வடநாட்டார் இதனைக் கோக்ரு என்பர். வைத்தியர் மருந்தாகப் போற்றும் இச்செடி, மிகுதியாக மேயும் ஆடுகளுக்கு நஞ்சாவதும் உண்டு.

அடையாளம்: இலைகள் எதிரெதிராக அமைந்த கூட்டிலைகள், பூவிதழ்கள் 5. காய் முதிர்ந்ததும் 5 துண்டுகளாகப் பிரியும். அவற்றின் கூரிய முட்கள் குளம்பிலும் கம்பளி மயிரிலும் வண்டிச் சக்கரத்திலும் தைத்து, விதையைப் பரப்புகின்றன. யானை நெருஞ்சில் வேறு குடும்பத்துச் செடி. அதன் இலை தனி இலை.

நோய் தோன்றும் விதம்: ஆடு தின்னும் தழையிலுள்ள பச்சையம் இரைப்பையில் சிதைந்து, பில்லோயெரித்ரின் என்னும் நிறப்பொருளாக மாறுகின்றது. ஈரல் இதனைப் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடும். நெருஞ்சியிலுள்ள சபோனின்களோ பித்தக் குழாய்களில் படிகங்களை உண்டாக்கி ஈரலைக் கெடுக்கின்றன. வெளியேறாத நிறப்பொருள் இரத்தத்தில் கலந்து தோலை அடைகின்றது. அங்கு வெயில் பட்டதும் மயிர் குறைந்த காது, இமை, மூக்கு, உதடு ஆகியவை சிவந்து வீங்குகின்றன. பின்னர்த் தோல் உரிகின்றது. கண்ணில் மஞ்சள் நிறம் காணும். தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியில் இந்நோயைக் 'கீல்டிக்கோப்', அதாவது 'மஞ்சள் தடித்தலை' என்பர். மழையில் தழைத்த செடி கடும் வெயிலில் வாடும் காலமே அபாயம் மிக்கது.

செய்யத்தக்கவை: நோய்க்குறி கண்டவுடன் மந்தையை அவ்விடத்தினின்று அகற்றவேண்டும். ஆடுகளைப் பகல் முழுவதும் நிழலில் அடைத்து, நீரும் உலர்தீவனமும் அளிக்கவேண்டும். பசுந்தழை மேலும் நிறப்பொருளை உண்டாக்குமாதலின் அதனைத் தவிர்த்தல் நலம். கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிக்கவேண்டும். மருந்து வந்து சேரும்வரை காத்திராது, நிழலை முதலில் தருக. வெயிலே தோலைப் புண்ணாக்குகின்றது என்பதை அறியாத இடையர், நோயுற்ற ஆட்டை மீண்டும் மேய்ச்சலுக்கு ஓட்டி இழந்துவிடுவர்.

தடுக்கும் முறை: பசித்த மந்தையை நெருஞ்சி மண்டிய நிலத்தில் விடலாகாது. காய் பிடிப்பதற்கு முன்னரே செடியை வேருடன் களைக. முதிர்ந்த விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிர்த்திருக்கும். அமெரிக்காவில் இக்களையைக் கட்டுப்படுத்த 1961ஆம் ஆண்டில், காயையும் தண்டையும் துளைக்கும் இருவகைக் கூன்வண்டுகளை அயல்நாட்டிலிருந்து கொணர்ந்து விட்டனர்.

ஆசிரியர்களுக்கு: இருவகை நெருஞ்சியையும் மாணவர் கொணரச் செய்து, இலையையும் காயையும் ஒப்பிட்டு வரையச் செய்க. மந்தை உள்ள வீட்டு மாணவர் இப்பாடத்தைப் பெற்றோருக்கு எடுத்துரைப்பாராயின், அதுவே இதன் பெரும்பயன்.