அளப்பவர் யார்? – ஸ்கந்தபுரத்து இளம் கட்டுரையாளருக்கு ஒரு கடிதம்



தபால் சேவையை அரசே மேற்பார்வை செய்வதா, சுயாதீன ஆணைக்குழு ஒன்று ஒழுங்குபடுத்துவதா என்று ஆராயும் உங்கள் கட்டுரையில், "நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்", "குறைகள் தீர்க்கப்பட வேண்டும்" என்னும், செய்பவரைச் சுட்டாத செயப்பாட்டுவினை வாக்கியங்கள் பக்கந்தோறும் வருகின்றன. எடுப்பவர் யார், தீர்ப்பவர் யார் என்பதே விவாதப் பொருளாக இருக்கையில், செய்பவரை மறைக்கும் வாக்கியம் திணைக்களப் பதில் கடிதத்துக்குப் பொருந்தலாமே தவிர, ஆய்வுக்குப் பொருந்தாது.

1908ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த இலங்கைத் தபால் திணைக்களமே கடிதத்தைக் கொண்டுசெல்கிறது; அது பிந்தினால் முறைப்பாட்டை விசாரிப்பதும் அதே திணைக்களம். 2022 ஆகஸ்டில் சாதாரண கடிதக் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தபோது, அதன் நியாயத்தை வெளியே நின்று பரிசீலிக்கும் பொறுப்புடைய ஒழுங்குபடுத்துநர் எவரும் இருக்கவில்லை.

சுயாதீன ஆணைக்குழுவுக்கு முன்மாதிரியாக 1996இல் உருவான தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவைக் கட்டுரை காட்டுவது இரண்டாவது பிழை. அமைச்சின் செயலாளரைத் தலைவராகக் கொண்ட அமைப்பு அமைச்சிடமிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியும் என்று கேட்டிருக்க வேண்டும். மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை நிறுவிய 2002ஆம் ஆண்டுச் சட்டம், உறுப்பினர் நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் இணக்கத்தையும் வேண்டுகிறது. ஒப்பிட வேண்டியது அதனையே.

சுதந்திரம் என்பது அளக்கும் அதிகாரத்தில் தொடங்குகிறது. பிரித்தானிய ஒழுங்குபடுத்துநரான ஆஃப்கொம், முதல்தரக் கடிதங்களில் 93 சதவீதம் மறுநாளே சேரவேண்டும் என்ற இலக்கைத் தவறவிட்ட ரோயல் மெயிலுக்கு 2023இல் 56 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. எனினும், ஒவ்வொரு முகவரிக்கும் ஒரே கட்டணத்தில் கடிதம் சேர்க்கும் கடமையை, அதாவது அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டை, அங்கே பாராளுமன்றம்தான் விதித்தது. அக்கடப்பாட்டைச் சட்டத்தில் எழுதாமல் ஆணைக்குழுவை மட்டும் அமைத்தால், இலாபமற்ற வன்னிக் கிராமங்களே முதலில் கைவிடப்படும்.

1996இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவி என்று மக்கள் சிதறிய காலத்தில், பிள்ளையின் கடிதம் எந்த வழியால், எத்தனை வாரத்தில் வரும் என்று சொல்ல எவராலும் இயலவில்லை. அப்போது போர் காரணமாக இருந்தது. போர் முடிந்த பின்னரும் அந்தக் கேள்விக்குக் கணக்கோடு விடை கூறவேண்டியவர் யார் என்பது தீர்மானிக்கப்படாமல் இருப்பதற்கு அந்தக் காரணத்தைக் காட்ட முடியாது.

உங்கள் கட்டுரையில், நேர்முகத் தேர்வு முடிந்த பின்னர் அழைப்புக் கடிதம் வந்துசேர்வதை விவரிக்கும் பத்தியோ, ஈழத்து நிர்வாகக் கட்டுரைகளில் காண்பதற்கரிய செழுமை உடையது; அதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. மற்றவற்றைத் திருத்துவதற்கு முன், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கிளிநொச்சி மாவட்டத்தில் கடிதம் சேர எடுக்கும் சராசரி நாட்களைத் திணைக்களத்திடம் எழுத்தில் கோர வேண்டும். மறுக்கப்பட்டால் முதலில் திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் தகவல் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்ய வேண்டும். திணைக்களம் கணக்கு வைத்திருந்தால் அது கட்டுரையின் அடித்தளமாகும். வைத்திருக்கவில்லை என்று பதில் வந்தால், சுயாதீன ஒழுங்குபடுத்தலுக்கு அதைவிட வலுவான வாதம் தேவைப்படாது.