உறைபனி இல்லாத தேவ்நாரில் செடி வளர்ப்போருக்கு

எங்கள் கட்டிடத்தில் மொட்டை மாடியிலும் ஜன்னல் கிரில்லிலும் புதிதாகத் தொட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. பிப்ரவரி பிறந்தால் அவர்கள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "தாத்தா, கடைசி உறைபனி போன பிறகுதான் நாற்று நடணும்னு வீடியோவில் சொல்றாங்களே, நமக்கு அது எந்தத் தேதி?" நான் ஊட்டி காந்தலில் வளர்ந்தவன். உறைபனி படிந்த புல்லை மிதித்துப் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். பிழைப்புக்கு மும்பை வந்து தேவ்நாரில் தங்கிவிட்டேன். இரண்டு ஊரின் மண்ணிலும் கை வைத்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

1. அடுத்த ஊர்க்காரரின் நாட்காட்டியை வைத்து விதைக்காதீர்கள். இங்கிலாந்துக்காரரும் கனடாக்காரரும் சொல்லும் "கடைசி உறைபனி நாள்" அவர்களுக்கு உயிர்நாடி. ஜெர்மனியில் மே 11 முதல் 15 வரை வரும் சில புனிதர்களின் திருநாள்கள் கழியும்வரை தக்காளி நாற்றை வெளியே வைக்க மாட்டார்கள். ஜப்பானில் வசந்தம் பிறந்ததாகக் கணக்கிடும் நாளிலிருந்து 88ஆம் இரவு, அதாவது மே மாதத் தொடக்கம், பனிக்கு விடை கொடுக்கும் நாள். அங்கே தேயிலைத் தோட்டங்களில் உயரமான கம்பங்களில் மின்விசிறி பொருத்தி, பனி இரவுகளில் ஓட விடுகிறார்கள். நமக்கு அந்தத் தேதியே கிடையாது. நம் மும்பையின் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1962 ஜனவரியில் வந்த 7.4 டிகிரி. அந்த இரவில்கூட நீர் உறையும் நிலைக்கு இன்னும் ஏழு டிகிரி இறங்க வேண்டியிருந்தது. மே மாதம் வரை காத்திருந்து தக்காளி நட்டால் இங்கே பூ கருகும், காய் பிடிக்காது. அக்டோபரில் மழை ஓய்ந்ததும் விதையுங்கள். குளிர்காலம் முழுக்கப் பறிக்கலாம்.

2. இல்லாத உறைபனியைப் பற்றி எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். தெரிந்துகொண்டால் தேவ்நாரின் ஜனவரி இரவும் புரியும், அதனால் சொல்கிறேன்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மழை விட்டதும் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்பார்கள். மேகம் இல்லாத வானம், அசையாத காற்று, நீண்ட இரவு என்ற மூன்றும் சேர்ந்தால் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் வீட்டுத் தோட்டம் பிழைத்திருக்க, தலைகுந்தாவின் பள்ளத்துப் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடக்கும். ஆள் உயரத்தில் தொங்கும் வெப்பமானி இரண்டு, மூன்று டிகிரி காட்டும்போதே புல்லின் மேல் பனி உறைந்திருக்கும். இலை, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுவதுதான் காரணம்.

இலைக்குள் நடப்பது இது. முதலில் செல்களுக்கு வெளியே இருக்கும் நீர் பனிக்கட்டியாகும். அந்தக் கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்கும். செல் வற்றும், அதன் சவ்வு கிழியும். காலையில் வெயில் பட்டதும் இலை துவண்டு, வெந்த கீரை போலக் கறுத்துத் தொங்கும். நடுக்குளிர்காலத்தில் மரம் தூங்கிக்கொண்டிருப்பதால் பெரிய சேதம் வராது. மொட்டு விரிந்த பிறகு வரும் பனிதான் கொடுமை. ஆப்பிள் மரம் முழுதாகப் பூத்து நிற்கும்போது மைனஸ் 2 டிகிரியை ஒட்டி இறங்கினால் பத்தில் ஒரு பூ போகும். மைனஸ் 4-ஐ ஒட்டி இறங்கினால் பத்தில் ஒன்பது போகும். இரண்டே டிகிரியில் ஒரு வருஷ விளைச்சல்! 2021 ஏப்ரலில் பிரான்சில் திராட்சை துளிர்த்திருந்த நேரம் பார்த்துப் பனி இறங்கியது. விவசாயிகள் இரவெல்லாம் வரிசை வரிசையாகத் தீப்பந்தம் ஏற்றி வைத்தும் பெரும் பகுதியைக் காப்பாற்ற முடியவில்லை.

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் அழகுச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடி வைப்பார்கள். புல்வெளிக்கு அதிகாலையில் தண்ணீர் தெளிப்பார்கள், வெயில் ஏறுவதற்குள் பனி மெல்லக் கரைந்து போகட்டும் என்று. மிலார் மூடாக்கின் வேலை எளியது. தரையின் சூடு வானத்துக்குப் போகாமல் நடுவில் ஒரு கூரை நிற்கிறது, அவ்வளவுதான்.

3. இனி நம் தேவ்நார். அதே மேகமில்லாத, காற்றில்லாத ஜனவரி இரவு இங்கேயும் வருகிறது. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று என்ற அதே அடுக்கு இங்கேயும் உருவாகிறது. கடலும் தானே கழிமுகமும் பக்கத்தில் இருப்பதால் உறையும் அளவுக்குக் குளிராது. ஆனால் மேலே உள்ள சூடான அடுக்கு மூடிபோல் நிற்க, கீழே இருப்பது எதுவும் மேலே போக முடியாது. ஊட்டிப் பள்ளத்தில் அந்த மூடிக்குக் கீழே பனி தேங்குகிறது. இங்கே 1927 முதல் குப்பை கொட்டப்பட்டு மலையான இடத்தின் புகையும், சாலைப் புழுதியும், கட்டிட வேலைத் தூசியும் தேங்குகின்றன. 2016 ஜனவரிக் கடைசியில் அந்தக் குப்பை மலை தீப்பிடித்தபோது நாள்கணக்கில் புகை நம் தலைமேலேயே நின்றதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். விண்வெளியிலிருந்து எடுத்த படத்திலும் அந்தப் புகை தெரிந்தது. ஜூலையில் பிடித்திருந்தால் தென்மேற்குக் காற்றும் மழையும் கலைத்திருக்கும். ஜனவரியின் அசையாக் காற்று அதைக் கீழேயே பிடித்து வைத்தது.

ஆகவே மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் உங்கள் செடிக்கு எதிரி புகைத்தூசி. இரவுப் பனி இலையில் ஈரமாக இறங்கும், தூசி அதில் ஒட்டும், வெயிலில் காய்ந்து படலமாகும். இலைக்கு வெளிச்சம் குறையும், மூச்சுத் துளைகள் அடைபடும். கறிவேப்பிலையின் அடி இலைகள் மங்கி உதிர்வதைப் பார்த்து உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் எரு போடுகிறார்கள். முதலில் இலையைத் துடைத்துப் பாருங்கள், விரலில் கரி வரும். வாரம் இரண்டு முறை, காலை எட்டு மணிக்கு முன்னால், இலையின் மேலும் கீழும் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். மாலையில் கழுவாதீர்கள். இரவு முழுக்க ஈரம் நின்றால் பூஞ்சணம் வரும். கீரையும் கொத்தமல்லியும் சமைக்கப் பறித்தால் ஓடும் தண்ணீரில் பலமுறை அலசுங்கள். நம் பகுதியில் இதைச் சோம்பலுக்கு விடக் கூடாது.

4. வெப்ப நாட்டுச் செடிக்குக் குளிர் தாக்க, நீர் உறைய வேண்டியதில்லை. பத்து, பன்னிரண்டு டிகிரியிலேயே வெற்றிலைக்கொடியும் துளசியும் திருநீற்றுப் பச்சையும் சுணங்கிவிடும். புதுத் துளிர் நிற்கும், இலை மஞ்சளிக்கும். மல்லிகை தூங்கும். இது நோயில்லை. இந்த நேரத்தில் பாசத்தால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள்தான் செடியைக் கொல்கிறார்கள். வேர் குடிப்பதைக் குறைத்துவிட்டது. நீங்கள் ஊற்றுவது தொட்டியில் நின்று வேரை அழுக வைக்கும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் குவளையை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மல்லிகையை மார்கழிக்கு முன்பே கவாத்து செய்து விட்டால் மார்ச்சில் துளிர்த்துப் பூக்கத் தொடங்கும்.

5. டிரம்மில் மாங்கன்று வைத்திருப்பவர்களுக்கு மட்டும். மாமரத்துக்குக் குளிர் நல்லது. இரவு குளிர்ந்தால்தான் அது பூவெடுக்கும். ஆனால் பூத்துப் பட்டாணி அளவு பிஞ்சு பிடித்த பிறகு, ஜனவரி பிப்ரவரியில் மறுபடியும் ஒரு கடுங்குளிர் வந்தால் மரம் இன்னொரு முறை பூத்துவிடும். மரத்தின் சத்து புதுப் பூவுக்கு ஓட, பழைய பிஞ்செல்லாம் கொட்டும். கொங்கணத்து ஆப்பூஸ் விவசாயிகள் வருஷம்தோறும் அஞ்சுவது இதற்குத்தான். குளிர்நாட்டார் பின்பனியில் இழப்பதற்கு நம் கடற்கரையில் நேரான இணை இதுவே. அப்போது உரம் போடாதீர்கள். மண் ஒரே சீராக ஈரமாக இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஸ்ட்ராபெரிக்கு ஆசைப்படுகிறவர்கள் மகாபலேஷ்வரைப் போய்ப் பாருங்கள். கடும் குளிர் நாட்களில் வெண்ணா ஏரிக் கரையில் இலைமேல் விழுந்த பனித்துளி உறைந்து நிற்கும். அங்கே விளைவது தேவ்நார் பால்கனியிலும் விளையும் என்று நாற்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். அக்டோபரில் வைத்து பிப்ரவரிக்குள் நாலு பழம் பார்க்கலாம், அதற்கு மேல் இல்லை. பெரும்பாலான ஆப்பிள் ரகங்களுக்கு ஏழு டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும்; நமக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. குளிர் மிஞ்சினாலும் தொல்லைதான். நாசிக் பக்கம் நிபாடில் வெப்பநிலை ஐந்து டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில், பழுக்கும் திராட்சை வெடித்துவிடுமே என்று தோட்டத்தில் தீ மூட்டிப் புகை போட்டு விழித்திருக்கிறார்கள்.

7. இப்போது சொல்லப்போவதைத்தான் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். தேவ்நாரில் இளந்துளிரைக் கொல்வது மார்ச் வெயில். உறைபனி வெளிநாட்டில் எந்த நேரத்தில் வந்து அடிக்கிறதோ, அதே நேரத்தில், செடி குளிர் கழிந்து மென்மையாகத் துளிர் விட்டிருக்கும் வாரங்களில், இது வந்து அடிக்கிறது. சாதாரண நாளில் நண்பகலை ஒட்டிக் கடல்காற்று வந்து ஊரைத் தணிக்கும். கிழக்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசும் நாட்களில் அந்தக் கடல்காற்று பிந்திவிடும், வெப்பம் ஏறிக்கொண்டே போகும். 1956 மார்ச் 28 அன்று சாந்தாகுரூஸில் 41.7 டிகிரி பதிவானது. பிப்ரவரியிலேயே 38-ஐத் தொட்ட வருஷங்களும் உண்டு. முந்தின வாரம் விடியற்காலையில் சால்வை தேடியிருப்போம், இந்த வாரம் துளிரின் நுனி பொரிந்து கிடக்கும்.

தொட்டிச் செடிக்கு இதில் இரட்டை அடி. நிலத்தில் உள்ள வேருக்கு ஆழத்தில் குளிர்ச்சி இருக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில், மேற்குச் சுவரோடு ஒட்டி நிற்கும் வேருக்கு ஒதுங்க இடமில்லை. பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி ஊதும் அனல் உங்கள் கிரில்லில் படுகிறதா என்று மறக்காமல் பாருங்கள். ஊட்டியில் மிலார் செய்வதை இங்கே பச்சை நிழல் வலை செய்யும்: நடுவில் ஒரு கூரை. பாதி வெயிலை மறைக்கும் வலை போதும். அதற்கு மேல் மறைத்தால் மிளகாயும் தக்காளியும் நெட்டையாக வளர்ந்து பூக்காமல் போகும். வலை வாங்க வசதி இல்லையென்றால் பழைய பருத்திப் புடவையைக் கயிற்றில் கட்டுங்கள். தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள், சிறியதைப் பெரியதன் நிழலில். மண்ணின் மேல் காய்ந்த இலை, தேங்காய் மட்டை நார், கரும்புச் சக்கை எது கிடைத்தாலும் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்ணீரை விடியலில் ஊற்றுங்கள். நண்பகலில் மாடித் தொட்டிக் குழாயில் வரும் தண்ணீர் கையைச் சுடும், அதை வேரில் ஊற்றாதீர்கள்.

8. கருகியதைக் கண்டதும் கத்தரியைத் தூக்காதீர்கள். பனியில் கருகினாலும் வெயிலில் கருகினாலும் இது பொருந்தும். காய்ந்த இலை கீழே உயிரோடிருக்கும் கணுவுக்கு நிழல். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரியும் இடம்வரை உயிர் இருக்கிறது. அதற்கு மேலே உள்ளதை மட்டும் வெட்டுங்கள். அதுவரை உரம் எதுவும் வேண்டாம். அடிபட்ட செடி சாப்பிடாது.

9. நோட்டு ஒன்று போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பால்கனிக்கு எத்தனை மணிக்கு வெயில் வருகிறது, எப்போது போகிறது, ஜனவரியில் எந்த வாரம் கறிவேப்பிலை உதிர்ந்தது, மார்ச்சில் எந்த நாள் முதல் துளிர் கருகியது என்று எழுதுங்கள். சின்ன வெப்பமானி ஒன்றை நிழலில் தொங்கவிடுங்கள். ஒரே கட்டிடத்தில் இரண்டாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் வித்தியாசம் உண்டு, என் நோட்டு உங்களுக்கு உதவாது. இதைப் படிக்கும்போது பிப்ரவரி பாதி தாண்டியிருந்தால் நோட்டைக்கூடப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே நிழல் வலையைக் கட்டிவிடுங்கள்.