கல்லூரிப் பணியாளர் பயிற்சி: நடத்தியும் பங்கேற்றும் அறிந்தவை

கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் இந்தியாவில் முறையான ஏற்பாடாக உருப்பெற்றது. பள்ளி ஆசிரியர் பி.எட். படித்துவிட்டு வகுப்புக்குள் நுழைகிறார். கல்லூரி ஆசிரியருக்கு முதுகலைப் பட்டத்துடன் நெட், செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இருந்தால் போதும். எப்படிப் பாடம் நடத்துவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தக் குறையைப் போக்கவே 1987இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகள் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இவை அமைந்தன. பின்னர் மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறி, 2023இல் மாளவியா மிஷனின் ஆசிரியர் பயிற்சி மையங்கள் ஆயின. பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குச் சென்னை தரமணியில் 1964 முதல் தனி நிறுவனம் இருக்கிறது.

பயிற்சிக்கும் பதவி உயர்வுக்கும் முடிச்சுப் போட்டதுதான் இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும். உதவிப் பேராசிரியர் அடுத்த நிலைக்குப் போக 21 நாள் ஓரியண்டேஷனும் ஒரு புத்தொளிப் பயிற்சியோ அதற்கு ஈடான ஒன்றோ வேண்டும் என்கின்றன மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள். விதி இல்லாவிட்டால் பாதிப் பேர் வந்திருக்கமாட்டார்கள் என்பது உண்மை. வந்தவர்களில் பலர் சான்றிதழ் நாளை எண்ணியபடியே உட்கார்ந்திருப்பதும் உண்மை. 2020 ஊரடங்குக் காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. கடைசிப் பத்து நிமிடத்தில் வாட்சப் குழுவில் வரும் கூகுள் படிவத்தை நிரப்பினால் மின்சான்றிதழ் வீடு தேடி வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வெபினார்களில் இருந்தவர்களும் உண்டு.

பயிற்சியைத் திட்டமிடும்போது முதலில் எழுவது எதில் பயிற்சி தருவது என்ற கேள்வி. இதைப் படிவம் கொடுத்துக் கேட்டால் 'கம்யூனிகேஷன் ஸ்கில்', 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்' என்று வழக்கமான பதில்களே வரும். தேவை வேறு காகிதங்களில் கிடக்கிறது. கடந்த இரண்டு பருவங்களின் தேர்ச்சி அறிக்கை, தணிக்கைத் தடைகள், மாணவர் புகார்ப் பெட்டி, பல்கலைக்கழகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள் ஆகியவற்றை ஒரு பிற்பகல் மேசையில் பரப்பிப் பார்த்தால், கல்லூரி எங்கே இடறுகிறது என்பது தெரிந்துவிடும். முதலாண்டுக் கணக்குப் பாடத்தில் தொடர்ந்து பாதி வகுப்பு அரியர் வைக்கும் கல்லூரிக்குச் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு வாரப் பயிற்சி நடத்துவது பொருத்தமில்லாத செலவு.

காலத் தேர்வும் அதே அளவு முக்கியம். ஜூனில் சேர்க்கை; நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வு, அதைத் தொட்டு விடைத்தாள் திருத்தும் பணி. மார்ச்சில் அலுவலகத்தை அசைக்கவே முடியாது, நிதியாண்டு முடிவு. ஆசிரியர்களுக்குப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் நல்லது. கற்றதைப் பத்து நாளுக்குள் வகுப்பில் செய்து பார்க்க முடியும்.

தொடக்க விழாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை, குழுப்படம் எல்லாம் முடியும்போது பதினொன்றரை ஆகிவிடுகிறது. முதல் நாள் காலைதான் பங்கேற்பாளர் முழுக் கவனத்தோடு இருக்கும் நேரம். அதை விழாவுக்குக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தில் கருத்துரையாளரை மேடையேற்றுவது நம் கல்லூரிகளின் நெடுநாள் பழக்கம். விழாவை இருபது நிமிடத்தில் முடிக்கலாம். பிற்பகலில் உரை வைக்காமல், கையால் செய்யும் வேலையை வைக்கலாம்.

ஆசிரியர் பயிற்சியில் பலன் தருவது சொந்தப் பொருளை வைத்துச் செய்யும் வேலையே. விடைத்தாள் திருத்தும் அமர்வு இதற்கு நல்ல சான்று. பெயர், பதிவெண் மறைத்த ஒரே விடைத்தாளைப் படியெடுத்து எல்லோருக்கும் கொடுத்து, ஒருவரையொருவர் பார்க்காமல் மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும். 15 மதிப்பெண் வினாவுக்கு ஒருவர் 6 போட்டிருப்பார், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் 11 போட்டிருப்பார். இரண்டையும் கரும்பலகையில் எழுதியதும் அறை சூடாகிவிடும். 'கையெழுத்தே புரியலையே சார்' என்பார் ஒருவர். 'படம் போட்டிருக்கானே, அதுக்கு மார்க் இல்லையா' என்பார் இன்னொருவர். அந்த வாக்குவாதத்திலிருந்தே எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற திட்டத்தை அவர்களையே எழுத வைத்து, மீண்டும் திருத்தச் சொன்னால் இடைவெளி சுருங்குவதை அவர்களே பார்ப்பார்கள். மதிப்பீட்டுக் கோட்பாடு பற்றிய ஒரு மணி நேரச் சொற்பொழிவால் இதைச் செய்ய முடியாது.

நுண்கற்பித்தல் இன்னொரு வழி. 1960களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழுவினர் உருவாக்கிய முறை இது. ஆசிரியர் ஐந்து முதல் பத்து நிமிடம் சக ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்துவார், அது ஒளிப்பதிவாகும். பிறகு அவரே பார்ப்பார். இன்று ஒரு கைப்பேசியும் அதற்கொரு தாங்கியும் போதும். பார்ப்பவர் பெரும்பாலும் தாமாகவே கண்டுகொள்வது ஒன்று உண்டு: கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே இதை அளந்து காட்டினார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை. மூன்று விநாடி காத்திருந்தால் மாணவர் பதில்கள் நீளமாகின்றன, பதில் சொல்ல முன்வருவோர் எண்ணிக்கையும் கூடுகிறது என்றார். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த மூன்று விநாடி இன்னும் அவசியம். அவர் கேள்வியைத் தமிழில் புரிந்துகொண்டு, பதிலைத் தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். எந்த இடத்தில் தமிழுக்கு மாறுவது, எந்தக் கலைச்சொல்லை ஆங்கிலத்திலேயே விடுவது என்பதைப் பற்றி ஒரு முழு அமர்வு வைக்கலாம். ஏனோ பயிற்சி அட்டவணைகளில் அது இடம்பெறுவதில்லை.

ஒளிப்பதிவில் ஒரு கட்டுப்பாடு தேவை. அதை வேறு யாருக்கும் காட்டக்கூடாது, துறைத்தலைவருக்கும் அனுப்பக்கூடாது. பயிற்சிக்கு வந்த இடத்தில் மதிப்பீடு நடக்கிறது என்ற சந்தேகம் எழுந்துவிட்டால், அதற்குப் பிறகு எல்லோரும் நன்றாக நடிப்பார்கள்.

முதல்வர்கள், துறைத்தலைவர்கள் விஷயம் தனி. கல்லூரி முதல்வர் ஆவதற்கு முனைவர் பட்டம், 15 ஆண்டு கற்பித்தல் அல்லது ஆய்வு அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரைகள், 110 ஆய்வு மதிப்பெண் ஆகியவற்றை 2018 விதிகள் கேட்கின்றன. தணிக்கைத் தடைக்கு விளக்கம் எழுதத் தெரியுமா, கோப்பில் ஒப்பமிடும் முன் எதைப் பார்ப்பார் என்று யாரும் கேட்பதில்லை. நேற்றுவரை இயற்பியலோ வரலாறோ நடத்தியவர் இன்று காலை ஒப்பமிடும் நாற்காலியில் அமர்கிறார். தலைமைப் பயிற்சிக்கென மத்திய அரசு 2019இல் லீப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு வாரம் உள்நாட்டிலும் ஒரு வாரம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலும் என்பது அதன் அமைப்பு. மாவட்டத் தலைநகரிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகும் அரசு கலைக் கல்லூரியின் முதல்வருக்கு இது எட்டாத தூரம்.

அவருக்கு உதவுவது காகிதக் கட்டுப் பயிற்சி. ஒரு நாள் காலையில் முதல்வர் மேசைக்கு வரக்கூடிய பன்னிரண்டு தாள்களைக் கட்டி ஒவ்வொருவருக்கும் கொடுத்து, எதை முதலில் எடுப்பீர்கள், என்ன எழுதுவீர்கள் என்று நாற்பது நிமிடம் தருவது. கட்டில் இருக்க வேண்டியவை: முந்தைய இரவு விடுதியிலிருந்து ஒரு பெற்றோர் தொலைபேசியில் சொன்ன ராகிங் புகாரின் குறிப்பு, இன்றோடு முப்பதாவது நாள் முடியும் தகவல் உரிமை மனு, பெண் பணியாளர் ஒருவரின் பாலியல் துன்புறுத்தல் புகார், தண்ணீர் மோட்டார் பழுதுக்கு ஒரே ஒரு விலைப்புள்ளி, மகப்பேறு விடுப்பு விண்ணப்பம், அரங்கத்தை நாளைக்குக் கேட்கும் மேலிடக் கடிதம், உள்ளூர்ப் பிரமுகரின் சிபாரிசுச் சீட்டு. புதியவர்களில் அநேகர் மேலிடக் கடிதத்தை முதலில் எடுக்கிறார்கள். கலந்துரையாடல் அங்கேதான் தொடங்க வேண்டும். ராகிங் தகவல் கிடைத்து 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கைக்கு நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் 2009 விதி. தகவல் உரிமைச் சட்டம் 30 நாள் தருகிறது. மனு வேறு அலுவலகத்துக்கு உரியதென்றால் 5 நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். பாலியல் புகாரை முதல்வரே கூப்பிட்டு 'சமாதானம்' பேசக்கூடாது. அது உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும், விசாரணைக்கு 90 நாள் வரம்பு. இந்த எண்களைப் படவில்லையில் காட்டினால் மறந்துபோகும். தவறான தாளை முதலில் எடுத்தபின் கேட்டால் மறக்காது.

இந்த அமர்வை நடத்த மேலாண்மைப் பேராசிரியரைவிட ஓய்வு பெற்ற கண்காணிப்பாளரும் அனுபவமுள்ள முதல்வர் ஒருவரும் சேர்ந்தால் சிறப்பு. இருவரும் பெரும்பாலும் ஒத்துப்போகமாட்டார்கள். அந்தக் கருத்து வேறுபாட்டிலிருந்தே புதியவர்கள் நிறையக் கற்கிறார்கள்.

மிகவும் புறக்கணிக்கப்பட்டவர்கள் அலுவலகப் பணியாளர்களும் ஆய்வக உதவியாளர்களும். அரசு கல்லூரிக்கு வரும் இளநிலை உதவியாளருக்காவது ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி உண்டு. தன்பதிவேடு, நடப்புக் கோப்பு, பணிப்பதிவேடு பற்றி அங்கே கற்றுக்கொள்கிறார். சுயநிதிக் கல்லூரியில் சேர்பவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துக் கற்பதோடு சரி. நாக் மதிப்பீட்டின் ஆறாவது அளவுகோல் ஆசிரியரல்லாத பணியாளருக்கும் பயிற்சி நடந்ததா என்று கேட்பதால், அதற்கென்று ஓர் அரைநாள் யோகாவோ மனஅழுத்த மேலாண்மையோ நடத்திப் படம் எடுத்துவிடுகிறார்கள். மனஅழுத்தம் எதனால் வந்தது என்று கேட்டிருந்தால் வேறு பயிற்சி நடந்திருக்கும்.

அவர்களுக்கு வேண்டியதைக் கல்லூரி ஜன்னல் ஓரமாக நின்றால் கேட்கலாம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வர வேண்டிய மாணவி வந்து நிற்கிறார். 'சார், எனக்கு மட்டும் பணம் ஏறல.' 'பேங்க்ல போய்க் கேளும்மா.' வங்கியில் கல்லூரியில் கேட்கச் சொல்கிறார்கள். மாணவி மூன்று முறை அலைகிறார், மூன்று வகுப்பு போகிறது. வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா, யு.எம்.ஐ.எஸ். தளத்தில் பெயரும் முன்னெழுத்தும் ஆதாரில் உள்ளபடியே பதிவாகியிருக்கிறதா என்பவற்றை வரிசையாகப் பார்க்கத் தெரிந்தால், பெரும்பாலான சிக்கல் எங்கே என்பதை ஜன்னலிலேயே சொல்லிவிடலாம். இதற்குத் தேவை கணினி முன் இரண்டு மணி நேரம், உண்மையில் சிக்கிக்கிடக்கும் சில பதிவுகள், அவற்றைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவர். பக்கத்துக் கல்லூரியில் அப்படி ஒருவர் இருப்பார். அவருக்கு மதிப்பூதியம் கொடுத்து அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார். இதுவரை அவரை யாரும் கருத்துரையாளர் என்று அழைத்திருக்கமாட்டார்கள்.

ஆய்வக உதவியாளர்களுக்கு அமிலம் கையாளுதல், தீயணைப்பான் இயக்குதல், முதலுதவி ஆகியவை கட்டாயம். தீயணைப்பான் சுவரில் இருக்கும், ஊசியை எப்படி இழுப்பது என்று தெரிந்தவர் கட்டடத்தில் இருக்கமாட்டார். தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் செயல்விளக்கம் நடத்தித் தருவார்கள்.

பயிற்சி பலித்ததா என்று பார்ப்பதற்கு டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் நான்கு படிகளைச் சொன்னார்: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் மாற்றம் வந்ததா, நிறுவனத்துக்குப் பயன் உண்டானதா. நம் பயிற்சிகள் முதல் படியோடு நின்றுவிடுகின்றன. கடைசி நாள் நிரப்பும் கருத்துப் படிவத்தில் எல்லாருக்கும் 'மிக நன்று' தான். சாப்பாடு நன்றாக இருந்தால் கூடுதலாக ஒரு வரி. உருப்படியான கேள்விகளை மூன்று மாதம் கழித்துத்தான் கேட்க முடியும்: பயிற்சியில் எழுதிய மதிப்பெண் திட்டத்தை அடுத்த அகமதிப்பீட்டில் பயன்படுத்தினீர்களா? ஜன்னலில் திரும்பத் திரும்ப வரும் மாணவர் குறைந்தார்களா? தகவல் உரிமை மனுக்களில் கெடு தாண்டியவை எத்தனை?

இதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. பயிற்சி முடியும் நாளில் ஒவ்வொருவரும் தாம் மாற்றப்போகும் ஒரே ஒரு விஷயத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. மூன்றாம் மாதம் அரைநாள் மீண்டும் கூடி, அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது. கல்லூரியே நடத்தும் பயிற்சி என்றால் சான்றிதழை அந்த இரண்டாம் கூட்டத்தில் கொடுக்கலாம். முணுமுணுப்பு இருக்கும், ஆனால் வருவார்கள்.

நிதி இல்லை என்று தள்ளிப்போடும் கல்லூரிகள் மேலே சொன்னவற்றில் விடைத்தாள் அமர்விலிருந்து தொடங்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு விடைத்தாளின் ஜெராக்ஸ் படிகளும் தேநீரும்தான்.