டேர்போ எஞ்சினும் எண்ணெயின் வெப்பநிலையும்

டேர்போ பொருத்திய எஞ்சினில், வெளியேறும் சூடான வாயு ஒரு சுழலியைச் சுழற்றும். அதே தண்டிலுள்ள மற்றச் சக்கரம் வளியை நெருக்கி எஞ்சினுக்குள் செலுத்தும். இத்தண்டு நிமிடத்துக்கு 100 000 தடவைக்கு மேலும் சுழலலாம். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே.

காரின் வலுவைக் கூட்ட வளியமுக்கத்தை உயர்த்தினால், எரிபொருளும் கூடுதலாக எரியும். எண்ணெய் மேலும் சூடாகும். அதன் பாகுநிலை குறைய, படலம் மெலிந்து உலோகங்கள் உராயும். எனவே எண்ணெய்க் குளிர்விப்பான் பொருத்துவர்.

உதாரணம்: 4 கிலோகிராம் எண்ணெய் (தன்வெப்பக் கொள்ளளவு 2000 எனக் கொள்க) 130 பாகை செல்சியசிலிருந்து 100 பாகைக்குக் குளிர்கையில் இழக்கும் வெப்பம்
4 × 2000 × 30 = 240 000 யூல்.

இவ்வெப்பம் வளிக்கே செல்கின்றது. புத்தளம், கற்பிட்டிக் கரையோரத்தில் நண்பகல் வளி சூடாயிருப்பதால் வெப்பநிலை வேறுபாடு குறைவு. வெப்ப இழப்பு வீதமும் குறைவு. போதாததற்குக் கடற்காற்றின் உப்பு குளிர்விப்பானின் அலுமினியத் தகடுகளை அரிக்கும். இடையிடையே நன்னீரால் கழுவுதல் அவசியம்.

“எண்ணெய் குளிரக் குளிர நல்லது” என மாணவர் பலர் எழுதுவர். இது பிழை. குளிர்ந்த எண்ணெய் தடித்து, ஒடுங்கிய துவாரங்களூடாக மெதுவாகவே பாயும். அதில் கலந்த நீரும் ஆவியாகாது. அதனாலேயே, எண்ணெய் சூடாகும்வரை குளிர்விப்பானுக்குச் செல்லும் வழியைத் தேர்மோஸ்டற் வால்வு அடைத்து வைக்கின்றது.

வினா: வேகமாக ஓடிவந்த டேர்போ வாகனத்தின் எஞ்சினை உடனே நிறுத்தாதிருப்பது ஏன்?
விடை: நிறுத்தினால் எண்ணெய்ப் பம்பியும் நின்றுவிடும், சூடான டேர்போவில் தேங்கிய எண்ணெய் கரியாகும்.