கரப்பான் வளர்க்கலாம் வாங்க!

வீட்ல கரப்பானைப் பார்த்தா செருப்பைத் தேடுவோம். பியர்டட் டிராகன், லெபர்ட் கெக்கோ மாதிரி பல்லி வளர்க்கிறவங்களோ அதுக்குத் தீனியா கரப்பானைப் பெட்டியில வளர்க்கிறாங்க. பெரும்பாலும் தென் அமெரிக்காவின் டூபியா கரப்பான். வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் இதால் ஏற முடியாது. தப்பி ஓடும் பயம் குறைவு.

இடம்: இருட்டான பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் கம்பி வலை. முட்டை அட்டைகளை நிமிர்த்தி வைங்க. எச்சம் கீழே விழுந்துடும்.

சூடு: இனப்பெருக்கத்துக்கு 30 டிகிரி செல்சியஸ் அளவில் வேண்டும்.

ஜோடி: நீண்ட இறக்கை இருந்தால் ஆண், குட்டையா இருந்தால் பெண். ஒரு ஆணுக்கு 3 அல்லது 4 பெண் போதும். முட்டையை வயிற்றுக்குள்ளேயே பொரித்துக் குஞ்சுகளாக ஈனும். அவை முதிர்ச்சியடையப் பல மாதம் ஆகும். அவசரப்பட்டுப் பெரியவற்றையெல்லாம் பல்லிக்குப் போட்டா பெட்டி காலி!

சாப்பாடு: கேரட், கீரை, தானியப் பொடி. தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், குஞ்சுகள் மூழ்கிடும். காய்கறியின் ஈரமே உதவும்.

இதுதான் முக்கியம்: கரப்பானின் உடம்பில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் அதிகம். அதையே தொடர்ந்து கொடுத்தால், பல்லியின் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உறிஞ்சும். தாடை மென்மையாகிவிடும், கால் வளையும். அதனால கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்க.

சமையலறையில் ஓடுறதைப் பிடிச்சுப் போட்டுடாதீங்க. அது பூச்சி மருந்து தின்னதா இருக்கலாம்.